தடம் விழாத வண்டி

விருதுநகர்,
5-3-1962

திரு. சோலைமலை அவர்களுக்கு,

தங்கள் முதல் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. என் தங்கையை மணந்தவர் என்ற முறையில் எழுதாமல், ஒரு கட்சிக்காரர் வக்கீலிடம் அபிப்பிராயம் கேட்கும் முறையில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது மாதங்களாக நம்மிடையே பேச்சு இல்லாத நிலையில் அதுவே பொருத்தமான முறை. நானும் அந்த முறையிலேயே பதில் எழுதுகிறேன்.

தாங்கள் சொந்தமாக வைத்துக்கொள்ள விரும்பும் வண்டிக்குச் சக்கரம் கிடையாது. விசிறியால் கீழே காற்றை அழுத்தி, அந்தக் காற்றின் மேல் ஒரு சாண் உயரத்தில் தரையைத் தொடாமல் மிதந்து செல்லும். இங்கிலாந்தில் அப்படியொன்று கடலைக் கடந்ததாகப் பத்திரிகையில் நானும் படித்தேன். மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

அதை மோட்டார் வண்டியாகப் பதிவு செய்ய முடியுமா என்பது முதல் கேள்வி. சாலையில் செல்வதற்கு ஏற்ற எந்திர வண்டியைத்தான் அந்தச் சட்டம் மோட்டார் வண்டி என்கிறது. தங்களுடையது சாலைக்கு ஏற்றதல்ல என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். படகாகக் கொள்ளலாமா என்பது இரண்டாவது. வருஷத்தில் எட்டு மாதம் நாரணாபுரத்தில் மாடு குளிப்பாட்டவே தண்ணீர் இருப்பதில்லை என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். ஆகாய விமானமாகுமா என்பது மூன்றாவது. காற்றின் எதிர்விசையால் தாங்கப்படும் எந்த எந்திரத்தையும் விமானம் என்கிறது சட்டம். பிள்ளைகள் விடும் பட்டத்தைக்கூட அது விட்டுவைக்கவில்லை. டெல்லியில் ஓர் அதிகாரி மனம் வைத்தால் தங்கள் வண்டிக்குப் பதிவு எண்ணும், தகுதிச் சான்றும், தங்களுக்கு விமானி உரிமமும் வேண்டும் என்பார். சுருக்கமாகச் சொன்னால், வைத்திருப்பதைத் தடுக்க யாரும் இல்லை. ஓட்டுவதை அனுமதிக்கவும் யாரும் இல்லை.

நான்காவது கேள்வியில் என் பேனா நின்றது. இப்படிப்பட்ட வண்டி பிறருடைய நிலத்தின் மேல் மண்ணைத் தொடாமல் சென்றால் அது அத்துமீறலாகுமா என்று கேட்கிறீர்கள்.

தங்கள் பட்டாசுத் தொழிலகத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் இருப்பது என் ஆறு ஏக்கர் கரிசல். பத்தொன்பது வருஷம் அதன் குறுக்கே தங்கள் வண்டிகள் போய்வந்தன. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால், இருபது வருஷப் பழக்கம் என்று சட்டமே அதைத் தங்கள் பாத்தியதை ஆக்கியிருக்கும். அதனால்தான் சென்ற ஆனியில் பாதையை உழுது அழித்தேன். தங்கள் காலோ, வண்டியோ, மாடோ உள்ளே வரக்கூடாதென்று கோர்ட்டில் தடையுத்தரவும் பெற்றேன். முதல் மூன்று கேள்விகளும் நான்காவதைச் சுமந்துவர எழுதப்பட்டவை என்பது எனக்குத் தெரிகிறது. இந்த வண்டி எதற்கு என்பதைத் தாங்கள் நேராக எழுதும்வரை அதற்குப் பதில் இல்லை.

இப்படிக்கு,
பெ. கண்ணுச்சாமி, பி.ஏ., பி.எல்.


நாரணாபுரம்,
12-3-1962

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு சோலைமலை வணக்கம்.

இங்கு யாவரும் நலம். பொங்கலுக்கு நீங்கள் ஆள்வசம் அனுப்பிய சீர் வந்து சேர்ந்ததை அப்போதே எழுதாதது என் தப்பு. கரும்பு நல்ல கரும்பு.

எதற்கு வண்டி என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரு உள்நோக்கம் இருக்கத்தான் வேண்டுமா மச்சான்? ஒரு ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் அச்சு மிஷின் பழுது பார்க்கும் சோணைமுத்துவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவன்தான் பத்திரிகையில் வந்த படத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான்.

"மொதலாளி, சக்கரம் இருந்தாத்தான சகதியில மாட்டும்? சக்கரத்தையே களட்டிட்டா?"

"சக்கரத்தைக் களட்டிட்டா அது வண்டியாலே? கட்டிலு."

"கட்டிலுதான். பறக்குற கட்டிலு."

பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றை மதுரையிலிருந்து கொண்டுவந்தான். பலகையில் தட்டு, தட்டைச் சுற்றித் தார்ப்பாயில் பாவாடை மாதிரி தைத்த துணி, நடுவில் தகர விசிறி. போன வெள்ளிக்கிழமை தொழிலகத்துக்கு வெகுதூரம் தள்ளிப் புறம்போக்குத் திடலில் ஓட்டிப் பார்த்தோம். கிளம்பிய புழுதியில் ஊரே இருட்டிவிட்டது. புழுதி அடங்கிப் பார்த்தால், வண்டி நாலு விரற்கடை எழும்பி, இருந்த இடத்திலேயே செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே உட்கார்ந்திருந்த சோணைமுத்து, "மொதலாளி, தெசை காட்டுங்க, தெசை காட்டுங்க" என்று கத்துகிறான். திருப்புவதற்கு அதில் ஒன்றும் வைக்கவில்லை என்பது அப்புறம்தான் எங்களுக்கே ஞாபகம் வந்தது. வேலிக்கருவை மரத்தில் போய் மோதி நின்றது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் தலையில் இருந்த புழுதியைத் தட்டிக்கொண்டே, "ஊரைக் கூட்டிப் பெருக்க நல்ல மிஷினு வாங்கியிருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இவ்வளவுதான் விஷயம். நான்காவது கேள்விக்கு மட்டும் ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புள்ள,
சோலைமலை


விருதுநகர்,
19-3-1962

திரு. சோலைமலை அவர்களுக்கு,

சைக்கிள் வாங்கலாமா என்று நான்கு வருஷம் யோசித்து, கடைசியில் வாங்காமலே விட்டவர் தாங்கள். அப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதை நெருங்கும்போது பறப்பதில் ஆசை பிறந்திருக்கிறது என்பதை நான் நம்பவேண்டும். நம்பவில்லை.

என் ஐயங்களை மறைக்காமல் எழுதுகிறேன். தீபாவளி சீசனில் லோடுகளை என் நிலத்தின் மேலாகவே கடத்திவிட்டு, மண்ணில் தடம் எங்கே என்று கோர்ட்டில் என்னைக் கேட்கலாம். அல்லது, பாதையை ஒருநாளும் விட்டதில்லை, கடைசி வருஷம் மட்டும் ஆகாய வழியாகப் போய்வந்தேன் என்று சொல்லி இருபது வருஷத்தையும் பூர்த்தி செய்யலாம். இரண்டும் கெட்டிக்கார வழிகள். தங்களுக்குத் தாமாகத் தோன்றக்கூடியவை அல்ல என்பதால், வேறு எந்த வக்கீலைப் பார்த்தீர்கள் என்றும் அறிய விரும்புகிறேன்.

மற்றொன்று. தங்கள் கடிதத்தில் சோணைமுத்து சகதியைப் பற்றிப் பேசுகிறார். இது மாசி கழிந்து பங்குனி. நாரணாபுரத்தில் இப்போது சகதி ஏது? ஒரு மனிதர் பங்குனியில் சகதிக்கு வண்டி செய்கிறார் என்றால், அவர் மனத்தில் இருப்பது போன மழைக்காலத்துச் சகதி. அந்தச் சகதியில் தங்களுக்கு என்ன சிக்கியது?

என் தங்கை வீரலட்சுமி மாதம் ஒரு கடிதம் எழுதுகிறவள். நிலத் தகராறு உச்சத்தில் இருந்தபோதுகூட எழுதினாள். ஐப்பசி முதல் அவளிடமிருந்து ஒரு வரி இல்லை. சீர் கொண்டுவந்த என் வயல் காவல்காரர் முனியசாமியிடம் கரும்பை வாங்கி வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பியிருக்கிறாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் அவள் கற்றதல்ல.

நேற்று முனியசாமியை அழைத்து, சோலைமலை ஏன் இப்படியொரு வண்டி செய்கிறார் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். எதிரே நிற்பவர் முகத்தை நேராகப் பார்த்துப் பேசும் மனிதர் அவர். நேற்று தரையைப் பார்த்தார்.

பெ. கண்ணுச்சாமி


நாரணாபுரம்,
26-3-1962

மச்சான் அவர்களுக்கு,

நான் எந்த வக்கீலையும் பார்க்கவில்லை. முனியசாமியைப் போட்டு விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வயதான மனிதன். நம் சண்டை நம்மோடு இருக்கட்டும். உங்கள் தங்கைக்கு உடம்பு அசதி, அதனால் எழுதவில்லை.

வண்டியைப் பற்றி உங்களுக்குப் பயமே வேண்டாம். அது ஓடாது போலிருக்கிறது. திடலில் எழும்பியதே என்று போன வாரம் என் கரிசலில் வைத்துப் பார்த்தோம். வெயிலுக்கு நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஒரு வெடிப்பில் என் கை முழங்கைவரை போகிறது. விசிறி அழுத்திய காற்றையெல்லாம் வெடிப்புகள் குடித்துவிட்டன. எழும்பிய வண்டி சட்டென்று உட்கார்ந்ததில் சோணைமுத்துவுக்கு முன்பல் ஒன்று போயிற்று. பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கிலீசுக்காரன் கரிசலப் பாத்திருக்க மாட்டான் மொதலாளி" என்கிறான். எஞ்சின் பொறி பறப்பதால் வெடிமருந்து அறைகளுக்குப் பக்கத்திலும் கொண்டுபோக முடியாது. ஆளைச் சுமந்து வெளியே கொண்டுவந்து, தள்ளி வைத்துத்தான் ஏற்றவேண்டும்.

அகலத்தைக் குறைத்தால் காற்று நிற்கும் என்கிறான் சோணைமுத்து. அகலம் மூன்றடிக்குக் குறைத்துக்கொள்ளலாம், நீளம் மட்டும் ஆறடிக்குக் குறையக்கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். கால் மடக்காமல் ஒரு ஆள் கிடக்க வேண்டாமா?

மழைக்குள் எப்படியும் சரி செய்துவிடுவோம். அதற்குள் உங்கள் பதில் வந்தால் நல்லது.

சோலைமலை


விருதுநகர்,
2-4-1962

திரு. சோலைமலை அவர்களுக்கு,

ஆசைக்காக வண்டி ஓட்டுகிறவன் உட்கார்ந்து போவான். தாங்கள் படுத்துக்கிடக்கும் ஆளுக்கு அளவு எடுத்திருக்கிறீர்கள். "சுமந்து வெளியே கொண்டுவந்து" என்றும் தாங்களே எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முனியசாமியை உட்காரச் சொன்னேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக என் எதிரில் உட்கார்ந்தார். அவர் சொன்னதை அவர் வாய்மொழியாகவே தருகிறேன்.

"போன ஐப்பசியில வயலுக்கு யார் வந்தது?"

"நாலு பேருங்கய்யா. கட்டிலத் தூக்கிக்கிட்டு வந்தாக. மொதலாளி முன்னால வந்தாரு."

"கட்டில்ல யாரு?"

"ராமுத்தாயி. மருந்து சலிக்கிற பிள்ள. நம்ம இருளம்மா மக. வாழை எலையப் போட்டு மூடியிருந்தாக. உசுரு இருந்துச்சு."

"நீ மறிச்சியா?"

"நான் ஏங்கய்யா மறிக்கேன்? 'நான் அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன், வெரசாத் தூக்கிட்டுப் போங்க'ன்னு சொல்லிட்டு, திரும்பி நின்னு வேப்பமரத்தப் பாத்துக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரமாச்சு. சத்தத்தைக் காணோம். திரும்பிப் பாத்தா பருத்தியில ஒரு தடமில்ல. கம்மாக்கரை வழியாச் சுத்திப் போறாக."

சொல்லி முடித்ததும் எழுந்து நின்றுகொண்டார்.

போலீஸ் பதிவில் எழுதியிருப்பதை இன்று விசாரித்து அறிந்தேன். வீட்டில் அடுப்புத் தீ பற்றி இறந்ததாக அந்தப் பெண்ணின் தாய் கைநாட்டு வைத்திருக்கிறாள். தங்கள் தொழிலகத்தில் விபத்து நடந்ததாக எங்கும் ஒரு சொல் இல்லை. அந்தக் கைநாட்டை வாங்கியது யார் என்று நான் கேட்கப்போவதில்லை.

நான் கேட்பது ஒன்றே. என் வயல் வழியாக ரோடு மூன்று பர்லாங். கண்மாய்க்கரை வழியாக ஒன்றே முக்கால் மைல், அதுவும் மழையில். என் காவல்காரர் வழிவிட்டிருக்கிறார். பார்க்க யாருமில்லை. தாங்கள் ஏன் சுற்றிப் போனீர்கள்?

பெ. கண்ணுச்சாமி


நாரணாபுரம்,
7-4-1962

மச்சான்,

எழுதிவிடுகிறேன். ஆறு மாதமாக என் நெஞ்சில் கிடக்கிறது.

தீபாவளிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. கல்கத்தா ஆர்டர் தலைக்குமேல் நின்றது. நான்கு பேர் இருக்கவேண்டிய அறையில் ஏழு பேரை வைத்திருந்தேன். ஒருத்தர் கை இன்னொருத்தர் சல்லடையில் இடித்தது, மருந்து பற்றிக்கொண்டது. ஆறு பேர் வெளியே பாய்ந்துவிட்டார்கள். ராமுத்தாய் சுவரோரம் இருந்தவள்.

மூன்று நாளாக மழை. வண்டி மாடு கரிசலில் முழங்கால்வரை இறங்கிவிட்டது. சோணைமுத்து அன்றைக்கு அச்சகத்திலிருந்து பட்டாசு லேபிளுக்கு மாதிரி காட்ட வந்திருந்தான். கயிற்றுக் கட்டிலில் அவளைப் போட்டுத் தூக்கிய நாலு பேரில் அவனும் ஒருத்தன். உங்கள் வயல் வரப்பில் முனியசாமி நின்றான். நான் திரும்பிக்கொள்கிறேன், போங்கள் என்றான்.

அவன் சட்டைப் பையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன மச்சான்.

இருபது வருஷமாக அந்த மனிதனைப் பார்க்கிறேன். மூக்குப்பொடி மட்டையைத் தவிர அந்தப் பையில் எதையும் நான் பார்த்ததில்லை. வயற்காவலுக்கு எதற்குப் பென்சில்? வக்கீல் பொறி வைத்திருக்கிறார், கால் வைத்தால் கோர்ட் உத்தரவை மீறினேன் என்று என்னை இழுப்பார், இழுத்தால் அறையில் ஏழு பேர் இருந்தது வெளியே வரும், லைசென்ஸ் போகும். இதெல்லாம் ஒரு மூச்சில் ஓடியது. ஈரக் கரிசலில் வைத்த கால் தடம் அப்படியே காய்ந்து கோடைவரை நிற்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

சோணைமுத்து, "மிதிச்சிருவோம் மொதலாளி, வாரது வரட்டும்" என்றான். நான்தான், "வேண்டாம்லே, இது வக்கீலு வச்ச பொறி. கரையச் சுத்திப் போங்க" என்றேன். கட்டிலில் கிடந்தவள் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் தண்ணீர் இடுப்பளவு போனது. தலைக்குமேல் கட்டிலைத் தூக்கிக் கடந்தோம். அக்கரையில் இறக்கி வைத்தபோது அவளுக்கு உயிர் இல்லை.

பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. வயல் வழியாகப் போயிருந்தால் ரோட்டில் லாரி கிடைத்திருக்கும், ஆஸ்பத்திரி வாசலாவது பார்த்திருப்பாள் என்று சோணைமுத்து சொல்கிறான். அவன்தான் பத்து நாள் கழித்து அந்தப் படத்தைக் கொண்டுவந்தான். மண்ணைத் தொடாத வண்டி, தடம் விழாத வண்டி. அடுத்த மழைக்கு இன்னொருத்தி கிடந்தால் நான் யாரிடமும் போய் நிற்க வேண்டாம், யாரைக் கண்டும் பயப்பட வேண்டாம் என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

அடுப்புத் தீ என்று எழுதச் சொன்னது நான்தான். நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

உங்கள் தங்கை இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எங்க அண்ணன்ட்ட ஒண்ணு மட்டும் எழுதுங்க. அந்தப் பருத்தியில வெளக்குக்குத் திரிகூட நான் திரிக்க மாட்டேன்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

சோலைமலை


விருதுநகர்,
16-4-1962

திரு. சோலைமலை அவர்களுக்கு,

தாங்கள் சந்தேகப்பட்டது சரி. அது பொறிதான்.

சென்ற ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி, இதே மேஜைக்கு முன்னால் முனியசாமியை நிறுத்தி ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். யார் வந்தாலும் தடுக்காதே, பார்க்காததுபோல் திரும்பிக்கொள், அவர்கள் போனபின் பெயரையும் நேரத்தையும் எழுதிவை என்று சொன்னேன். ஒரு மீறல் கிடைத்தால் தங்களைக் கோர்ட்டில் நிறுத்தவும், அங்கிருந்து தங்கள் லைசென்ஸ்வரை போகவும் திட்டம் வைத்திருந்தேன். சென்ற கடிதத்தை எழுதும்வரை அந்த உத்தரவு என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். முனியசாமி "அங்கிட்டுத் திரும்பிக்கிடுதேன்" என்று சொன்ன கணத்திலேயே நினைவு வந்தது. தங்களுக்கு அதை எழுதாமல், ஏன் சுற்றிப் போனீர்கள் என்று தங்களையே கேட்டேன்.

தங்கள் கடிதத்துக்குப் பின் முனியசாமியை மறுபடி கேட்டேன். இரக்கப்பட்டுத் திரும்பினாயா, என் உத்தரவுப்படி திரும்பினாயா? "அது எனக்கே தெரியலீங்கய்யா" என்றார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் வெள்ளை.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்தேன். தங்கள் வீட்டுக்கு வரவில்லை. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு தொழிலக வாசலிலிருந்து நடந்தேன். வயலின் குறுக்கே ரோட்டுக்கு ஒன்பது நிமிஷம். கண்மாய்க்கரை வழியாக, காய்ந்த தரையில், முப்பத்தெட்டு நிமிஷம். மறுகால் பக்கம், முன்பல் இல்லாத ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவராகவே பேசினார்.

"வக்கீலய்யா, எம்புட்டு நிமிசம்?"

சொன்னேன்.

"கட்டிலத் தோள்ல வச்சு நடந்து பாருங்க. சும்மா வீசி நடந்தா கணக்குக்கு ஆகாது."

அவர் சொன்னது நியாயம்.

இனி நடக்கவிருப்பவை. மண்ணைத் தொடாமல் சென்றாலும் பிறர் நிலத்தின் மேல் அவ்வளவு தாழ்வாகச் செல்வது அத்துமீறல் என்றே நான் வாதாடியிருப்பேன், அநேகமாக ஜெயித்திருப்பேன். அந்த வாதத்துக்கு இனி வேலை இல்லை. நேற்று ஆள்விட்டுப் பருத்தியில் பதினாறடி அகலத்துக்குச் செடி பிடுங்கியாயிற்று. வெடித்த காயைப் பொறுக்கிவிட்டுப் பிடுங்கலாம் என்றார்கள்; வேண்டாம் என்றேன். வைகாசிக்குள் சரளை கொட்டி இறுக்கிவிடுவார்கள். அந்தப் பட்டை நிலத்தைப் பஞ்சாயத்துக்குப் பொதுப் பாதையாக எழுதிக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை பத்திரப் பதிவு. தங்கள் பெயருக்கு எழுதியிருக்கலாமே என்று வீரலட்சுமி கேட்கக்கூடும். தங்கள் பெயரில் எழுதினால் நாளைக்குத் தாங்கள் அதை அடைக்கலாம். என் பெயரிலேயே இருந்தால் நான் அடைக்கலாம். தங்களையும் நான் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை.

அந்த எந்திரத்தைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். பொறி பறக்கும் எஞ்சினை அந்த எல்லைக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு உயிருக்காக என்று யாரும் சொல்லக்கூடாது.

கடைசியாக, விபத்து. எனக்குத் தெரிந்த அனைத்தையும் எழுதி வெடிமருந்து அதிகாரிக்கும் போலீசுக்கும் வரும் சனிக்கிழமைத் தபாலில் அனுப்புகிறேன். லைசென்ஸ் போகும். வழக்கு வரும். என் தங்கையின் வீட்டு அடுப்பு எதனால் எரிகிறது என்பதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டு எழுதுவதாகத் தாங்கள் நினைக்க வேண்டாம். இருளம்மாள் தன் மகளுக்குச் சேரவேண்டிய நஷ்டஈட்டைக் கேட்க அந்தப் பொய்க் கைநாட்டு ஒன்றே தடையாக நிற்கிறது. அது எடுக்கப்பட்டாக வேண்டும்.

அதற்கு முன்பே தாங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது தங்களுக்கு நல்லது. எழுதினால் அறையில் ஏழு பேர் இருந்ததை எழுதுங்கள். நோட்டையும் பென்சிலையும் ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதியையும் எழுதுங்கள். என் பெயரை முழுதாக, பட்டத்தோடு எழுதுங்கள். மைத்துனர் என்று அதை மட்டும் தாங்கள் விட்டுவிட்டால், இரக்கம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். என்னிடம் ஏதோ எதிர்பார்க்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வேன்.

பெ. கண்ணுச்சாமி